அரைப்பேரும் முழுமனிதரும்

மடுல்சீமையின் மலையுச்சியிலே ‘சிறிய உலகமுடிவு’ எனப்படும் இடத்திற்கு மன அமைதி நாடி வருவோர் பலர். அப்பகுதித் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் மன அமைதி பற்றி வினவுவோர் மிகச் சிலர். அச்சிலருட் பலரும், மதுப்பழக்கமும் கல்வியின்மையுமே தொழிலாளரின் உளத்துயருக்குக் காரணமெனத் தீர்ப்புக் கூறி அமைகின்றனர். விளைவினைக் காரணமெனக் காட்டும் இக்கூற்று மறுத்தற்குரியது.

தோட்ட வழக்கில் ஒருநாட் சம்பளத்தைப் ‘பேர்’ என்பர். குறித்த நிறைக் கொழுந்தைப் பறிக்காதவளுக்கு ‘அரைப்பேர்’ போடப்படும். காய்ச்சலோடு மலையேறியவளுக்கும், இரவெல்லாம் குழந்தையோடு விழித்திருந்தவளுக்கும் அளவு ஒன்றே. பேர் முழுமையாக விழுமோ என்னும் ஏக்கம் காலைப் பெரட்டிலே தொடங்கி மாலை நிறுவைவரை அவளை விட்டகல்வதில்லை. லயத்திற்குத் திரும்பிய பின்னரேனும் நிம்மதி உண்டா? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், இதே பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அடைமழை இரவுகளில் மலைச்சரிவு லயங்களிற் கண்ணயர அஞ்சுவோரிடம் மனக்கட்டுப்பாட்டைப் போதிப்பது அறமாகுமா? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட சமூகத்தின் மீதே இச்சுமையும் ஏற்றப்பட்டுள்ளது என்பதை மறத்தலாகாது.

உளநலம் பேசுவது ஆடம்பரம், உற்பத்தியே முதன்மையானது என வாதிடுவோரும் உளர். உளச்சோர்வினாலும் பதகளிப்பினாலும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 கோடி வேலைநாட்கள் இழக்கப்படுகின்றன என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் மதிப்பிட்டுள்ளன. அவர்களது இலாபக் கணக்கின்படியே அவர்களது வாதம் பிழைத்துவிடுகின்றது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல்கள், தொழிலாளிக்குச் சிகிச்சை அளிப்பதோடு நில்லாது, வேலைப்பளுவையும் வேலைமுறையையும் திருத்துமாறு கூறுகின்றன. அதே ஆண்டிற் பாதுகாப்பானதும் சுகாதாரமானதுமான வேலைச்சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சர்வதேசத் தொழில் மாநாட்டினால் ஏற்கப்பட்டது.

எனவே, தமிழில் உளவளத்துணை வழங்குவோரைத் தோட்டங்களுக்கு அனுப்புதல் தேவை. ஆயினும் அது மட்டும் போதாது. கொழுந்தின் அளவு தொழிலாளரின் சம்மதத்தோடு நிர்ணயிக்கப்படல் வேண்டும். அரைப்பேர் ஒழிக்கப்படல் வேண்டும். ஆபத்தான லயங்களில் வாழ்வோருக்குப் பாதுகாப்பான நிலத்தில் வீடும் காணியுரிமையும் அளிக்கப்படல் வேண்டும். ரூபாக் கணக்கிலேயே பெரிதும் கருத்தூன்றி வந்த தொழிற்சங்கங்கள் இக்கோரிக்கைகளையும் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுசெல்லக் கடமைப்பட்டவை. உளவியலையும் சமூகவியலையும் பயில்வோர் தோட்டத் தொழிலாளியின் குடிப்பழக்கத்தை ஆராய்வதற்கு முன்னர் அவளது பேர்ப்பதிவை ஆராய்வார்களாக. நோயின் தோற்றுவாய் அங்கேதான் எழுதப்பட்டிருக்கின்றது.