கேள்வி கேட்க ஆளில்லாத அரசு

நெருக்கடி நிலையில் நாடு ஒழுங்காக இருந்தது, நீதிமன்றம் குறுக்கிடாவிட்டால் அரசு வேலை செய்யும் என்கிறீர்கள். அந்த நாட்களில்தான், 1976 மார்ச்சில், கோழிக்கோடு பொறியியல் மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துப் போனது. அப்பா ஈச்சர வாரியர் அதிகாரிகளிடம் நடையாய் நடந்தார். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவுக்குக் கதவடைத்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா மட்டுமே உடன்படவில்லை. விசாரணையில் அவர் கேட்டார்: போலீஸ்காரர் பகைமையால் ஒருவரைக் கொன்றாலுமா பரிகாரம் இல்லை? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. நீங்கள் புகழும் ஒழுங்கு இதுதான். உங்கள் பிள்ளைக்கு இதை ஒப்புக்கொள்வீர்களா?

1977இல், நெருக்கடி நிலை முடிந்த பிறகே வாரியரால் கேரள உயர் நீதிமன்றத்தை நாட முடிந்தது. போலீஸ் காவலில் இறந்த ராஜனின் உடல் கிடைக்கவே இல்லை. ஆனால் அந்த வழக்கால் முதல்வர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது.