கெமிஸ்ட்ரி வராது என்று சொல்லும் பிள்ளையின் கையில் ஒரு கிரீம் டப்பா

பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருந்தால் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். வீட்டில் வயசுப் பிள்ளை இருப்பவர்களும், கல்யாணம் வைத்திருப்பவர்களும் விட்டுவிடாமல் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்கு வேதியியலை அவர்கள் முகத்தில் பூசுவதிலிருந்தும் தலையில் தேய்ப்பதிலிருந்தும் தொடங்கிச் சொல்லித்தர வேண்டும். அப்படிச் செய்தால் "சயின்ஸ் நமக்கு வராது" என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள் உள்ளே வருவார்கள். கண்ட கிரீமைப் பூசி உடம்பைக் கெடுத்துக்கொள்வதும் குறையும்.

இது எனக்கு ஏன் தோன்றியது என்றால், என்னிடம் படித்த ஒரு பெண் போன் செய்தாள். "டீச்சர், மக பத்தாவதுல நல்ல மார்க்கு. ஆனா சயின்ஸ் குரூப்பு வேண்டாங்குறா. கெமிஸ்ட்ரி வராதாம். நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். பேசி முடித்து வைக்கப்போகும்போது இன்னொன்றும் கேட்டாள். "முகத்துக்கு ஒரு கிரீம் வாங்கிப் போடுறா டீச்சர். ரெண்டே வாரத்துல வெளுத்துருச்சு. டப்பாவுல கம்பெனி அட்ரஸ்கூட இல்ல. போடலாமா?"

அவள் இரண்டு கேள்வி கேட்டதாக நினைத்தாள். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் பட்டது. கிரீமை உடனே நிறுத்தச் சொன்னேன். பிள்ளையை டாக்டரிடம் காட்டி, யூரின் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

"முகத்துக் கிரீமுக்கு எதுக்கு யூரின் டெஸ்ட்?" என்று அவளும் கேட்டாள், நீங்களும் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நம் கம்பம் மெட்டு ஏறி இறங்கினால் கேரளா. அங்கே மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அதில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் போட்டவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்தது.

சந்தேகம் பாதரசத்தின் மேல். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரச உப்பு அந்த நொதியின் வேலையைத் தடுத்துவிடும். அதனால்தான் மின்னல் வேகத்தில் முகம் வெளுக்கிறது, நாமும் நம்பிவிடுகிறோம். ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. அங்கே வடிகட்டும் சவ்வு கெட்டால் புரதம் சிறுநீரில் ஒழுகும், காலும் முகமும் வீங்கும். இந்தியச் சட்டப்படி அழகுப் பொருளில் பாதரசம் சேர்க்கவே கூடாது. 2020-ல் வந்த விதிகளின்படி, தெரியாமல் கலந்தால்கூட முகக் கிரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு கிலோ கிரீமில் ஒரு மில்லிகிராம். அட்ரஸ் இல்லாத டப்பாவை யார் சோதித்தார்கள்?

சரி, பிள்ளை ஏன் அந்தக் கிரீமை வாங்கியது? அதற்குப் பதில் நம் வீடுகளில் இருக்கிறது. "பொண்ணு லட்சணமா இருக்கு, கலர்தான் கொஞ்சம் கம்மி" என்று பிள்ளையின் காதுபடப் பேசுகிறவர்கள் நாம்தானே. வெயிலில் திராட்சைத் தோட்டத்திலும் வயலிலும் வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கிய ஊர் இது. கறுப்பு நமக்குக் குறையா? 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. 2005-ல் ஆண்களுக்கென்றே ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸம் வந்தது. பல வருடம் விளம்பரங்கள் "கறுப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, வெளுத்தால் கிடைக்கும்" என்ற கதையையே சொல்லின. 2009-ல் சென்னையில் "கறுப்பே அழகு" என்ற இயக்கத்தைப் பெண்கள் தொடங்கினார்கள். 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லியின் பெயரிலிருந்தே 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. நல்லதுதான். ஆனால் வாயால் "கறுப்பும் அழகுதான்" என்று சொன்னால் மட்டும் பிள்ளை கிரீமைக் கீழே வைக்காது. உள்ளே என்ன இருக்கிறது, அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால் வைக்கும்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் ஸ்பெல்மன் கல்லூரி என்று ஒன்று. 1881-ல் கறுப்பினப் பெண்களுக்காகத் தொடங்கியது. அங்கே மிஷெல் கெய்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியை இருக்கிறார், அவரும் கறுப்பினப் பெண். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது சுருட்டை முடி. அதுவரை உலகம் முழுக்க முடியை வகை பிரிக்கப் பயன்பட்ட பட்டியல், தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரேக்கு முடி அலங்காரம் செய்த ஆந்த்ரே வாக்கர் போட்டது. நேர் முடி, அலை முடி, சுருட்டை, நெருங்கிய சுருட்டை என்று கண்ணால் பார்த்துச் சொல்வது. கெய்ன்ஸ் குழுவினர் அதை அளந்தார்கள். ஒரு முடியைக் கருவியில் மாட்டி இழுத்தால், முதலில் சுருள் நிமிரும், பிறகுதான் முடியே நீளும். நிமிர எவ்வளவு இழுக்க வேண்டும், குறிப்பிட்ட நீளத்தில் எத்தனை சுருள், மைக்ரோஸ்கோப்பில் மேல் செதில்கள் எப்படி இருக்கின்றன என்று எண்ணாகக் கணக்கிட்டு 2023-ல் வெளியிட்டார்கள்.

"முடியை அளந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்காதீர்கள். அளந்தால்தான் எந்த முடிக்கு எந்த எண்ணெய், எந்த ஷாம்பு என்று சொல்ல முடியும். அதைவிடப் பெரிய விஷயம், "உன் முடி சரியில்லை, நேராக்கு" என்று கேட்டு வளர்ந்த மாணவிகள், அந்த முடியையே ஆராய்ச்சிப் பொருளாக மேசையில் வைத்து வேலை பார்க்கிறார்கள். கூச்சப்பட்ட இடமே படிக்கும் இடமாகிவிட்டது. எல்லோரையும் அறிவியலுக்குள் சேர்ப்பது என்றால் இதுதான் என்று எனக்குப் படுகிறது. இலவசமாகச் சீட்டு கொடுப்பது முதல் படி. பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து ஒரு கேள்வியைப் பாடத்துக்குள் கொண்டுவருவது அடுத்த படி.

நம் ஊரில் இதற்குப் பெரிய லேப் வேண்டாம். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவள், எம்.எஸ்ஸி. எல்லாம் கிடையாது. என் வகுப்பில் அமிலம், காரம் பாடத்தை ஆரத்தித் தட்டிலிருந்துதான் தொடங்குவேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அது ஏன்? மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறும். அதிலேயே எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் மறுபடி மஞ்சள். குழம்புக் கறை பட்ட வெள்ளைச் சட்டையில் சோப்பு போட்டதும் சிவப்பாவதும் இதேதான். குங்குமமும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து பிறந்ததுதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதன் தோலைக் கசக்கினால் வரும் சாறும் அமிலத்தில் ஒரு நிறம், காரத்தில் ஒரு நிறம் காட்டும். நாம் துப்பிவிடும் திராட்சை விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் முகப் பூச்சுகளில் சேர்கிறது. சீயக்காய் நுரைப்பது அதிலுள்ள சபோனினால். பாட்டிக்குத் தெரிந்த இதெல்லாம் புத்தகத்தில் வேறு பெயரில் இருக்கிறது என்று தெரியும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கண் தெரியாத பிள்ளைக்கு நிறம் மாறுவதை எப்படிக் காட்டுவது? பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலேயே வழி இருக்கிறது. வெங்காயம், வெனிலா, கிராம்பு எண்ணெய் மூன்றையும் மூக்கால் அறியும் சோதனைப் பொருளாக வைத்திருக்கிறார்கள். வெங்காயச் சாற்றில் நனைத்த துணியில் காரம் பட்டால் வாசம் போய்விடும், அமிலம் பட்டால் போகாது. ஏலக்காயும் கிராம்பும் மணக்கிற மலைக்குக் கீழே இருக்கும் நமக்கு இந்தச் சோதனையா கஷ்டம்? இருந்தும், கண் தெரியாதவர்களுக்கு அறிவியல் வேண்டாம் என்றுதான் நாடு முழுக்க வழக்கம். டெல்லியைச் சேர்ந்த கார்த்திக் சாஹ்னி பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் படிக்கவே போராடி அனுமதி வாங்கினார். பன்னிரண்டாம் வகுப்பில் 96 சதவீதம் வாங்கினார். 2013-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

ஒரு மறுப்பு வரும், எனக்குத் தெரியும். "பையன்களுக்கு ராக்கெட், பொண்ணுங்களுக்கு பவுடர், கிரீமா டீச்சர்?" நியாயமான கேள்வி. கிரீம் டப்பாவோடு பாடம் நின்றுவிட்டால் அது தப்புதான். அது உள்ளே வரும் வாசல். வாசலில் நுழைந்த பிள்ளை அப்புறம் மருந்து, உரம், பெயின்ட், பேட்டரி என்று எங்கும் போகலாம். பையன்களுக்கும் இந்தப் பாடம் சரிசமமாக வேண்டும். வெளுக்கும் கிரீமும் முடிச் சாயமும் அவர்களும்தான் போடுகிறார்கள். சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்ற பொருள் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு அலர்ஜி தரும். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு வேதிப்பொருளால் நெற்றியில் வெள்ளைத் தழும்பு விழுவதைத் தோல் மருத்துவர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். தெய்வக் குத்தம் என்று கோயில் கோயிலாக அலைந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது உதவும். "வராது" என்ற பயத்தை மட்டும் எந்த ரூபாயும் போக்காது. அது நம் வேலை.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளே, ஒரு பீரியட் ஒதுக்குங்கள். வீட்டிலிருந்து ஆளுக்கொரு காலி டப்பா கொண்டுவரச் சொல்லி, தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, சேர்மானங்கள் எல்லாம் இருக்கிறதா என்று வாசிக்க வையுங்கள்.

ஃபேன்சி ஸ்டோரும் மெடிக்கலும் வைத்திருப்பவர்களே, லேபிள் இல்லாத கிரீமை எவ்வளவு லாபம் கிடைத்தாலும் வாங்கி வைக்காதீர்கள். உங்களிடம் வாங்க வருவது உங்கள் தெருப் பிள்ளைதான்.

கெமிஸ்ட்ரி, பார்மசி படித்து வெளியூரில் இருப்பவர்களே, திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது நீங்கள் படித்த பள்ளிக்கு ஒரு மணி நேரம் போய்விட்டு வாருங்கள்.

சொந்தக்காரர்களே, இனி எந்த விசேஷ வீட்டிலும் ஒரு பிள்ளையின் நிறத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள். மாமியோ பெரியம்மாவோ யார் பேசினாலும் அந்த இடத்திலேயே பேச்சை மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் டீச்சர்,
கம்பம்.