ஒஸ்காரில் பிரேசில் சொன்ன கதையும் எங்கட வீட்டுக் கதையும்

கடந்த ஞாயிறு இரவு, மார்ச் 2, அஜக்ஸில் எங்கட வீட்டு ஹோலில் நானும் மகளும் இருந்து 97ஆவது ஒஸ்கார் விழாவைப் பார்த்தோம். மனைவிக்கு விடிய வேலை. அவ நேரத்தோட படுத்திட்டா. சிறந்த படம் உட்பட ஐந்து விருதுகளை ‘அனோரா’ எடுத்தது. அடுத்த நாள் எல்லோரும் கதைத்ததும் அதைப் பற்றித்தான். எங்கட வீட்டில் கதை வேறு பக்கம் போனது. சிறந்த சர்வதேசத் திரைப்படமாக பிரேசிலின் ‘ஐம் ஸ்டில் ஹியர்’ அறிவிக்கப்பட்டதும் மகள் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள். தமிழில் சொன்னால் இதுதான்: “அப்பா, இது பெரிய மாமியின்ர கதைதானே. ஏன் எங்களிட்ட இப்படி ஒரு படம் இல்லை?”

படத்தை நாங்கள் இரண்டு கிழமைக்கு முதல் தியேட்டரில் பார்த்திருந்தோம். 1971 ஜனவரி, பிரேசிலில் இராணுவ ஆட்சி. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ரூபென்ஸ் பைவாவை விசாரணைக்கென்று வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவர் திரும்பி வரவில்லை. மனைவி யூனிஸ் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார், சட்டம் படித்து வழக்கறிஞரானார், கணவருக்கு என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அரசு மரணச் சான்றிதழ் கொடுத்தது 1996இல். 25 வருசம்.

என்ர பெரியக்கா கிளிநொச்சியில் இருக்கிறா. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவவின்ர மூத்த மகனைக் கண்டவர் ஒருவரும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் போன மாதத்தோடு எட்டு வருசத்தைத் தாண்டிவிட்டது. உடம்பு இடம் கொடுக்கிற நாட்களில் அக்காவும் போய் இருப்பா, மகன்ர படத்தை மடியில் வைத்துக்கொண்டு.

மகளுக்கு அன்றிரவு நான் சொன்ன பதில்: “எங்களுக்கெண்டு ஒரு நாடு இல்லை, அதுதான்.” படுத்த பிறகு யோசித்தால் அது அரைப் பதில். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதியைப் பார்ப்போம். சர்வதேசப் படப் பிரிவில் ஒரு நாடு ஒரு படத்தைத்தான் அனுப்பலாம். அந்த வகையில் நாடு இல்லாதவனுக்குக் கதவு சிறியதுதான். ஆனால் படம் அந்த நாட்டின் மொழியில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2006இல் நீக்கப்பட்டது. அதன் பிறகுதான் தீபா மேத்தாவின் ‘வாட்டர்’ என்ற ஹிந்திப் படத்தைக் கனடா அனுப்பியது. அது இறுதி ஐந்துக்குள்ளும் வந்தது. இந்த முறை கனடா அனுப்பியது மத்தியூ ரான்கினின் ‘யுனிவர்சல் லாங்குவேஜ்’. வினிபெக் நகரத்தில் எல்லோரும் பாரசீக மொழி பேசுவதாகக் கற்பனை செய்த படம். இறுதி ஐந்துக்குள் வராவிட்டாலும் 15 படங்கள் கொண்ட முன்பட்டியலில் இடம்பிடித்தது. வினிபெக்கில் பாரசீகம் கதைக்கிற படம் கனடாவின் படமாகலாம் என்றால், அஜக்ஸில் தமிழ் கதைக்கிற படம் ஏன் ஆகக் கூடாது? 2021 குடிசனக் கணக்கெடுப்பில் தங்களைத் தமிழர் என்று பதிந்தவர்கள் இந்த நாட்டில் இரண்டு இலட்சத்துக்கு மேல்.

ஆவணப்படம் என்றால் நாடு அனுப்பவும் தேவையில்லை. அதே இரவில் சிறந்த ஆவணப்பட விருது ‘நோ அதர் லான்ட்’ படத்துக்குப் போனது. பாலஸ்தீனரும் இஸ்ரேலியரும் சேர்ந்து எடுத்த அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் ஒரு விநியோகஸ்தர்கூடக் கிடைக்கவில்லை. 2023இல் குறும் ஆவணப்பட விருதை வென்ற ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ முதுமலையில் எடுத்த தமிழ்ப் படம்தான். தமிழ் அந்த மேடைக்குப் புதிதில்லை.

அப்படியென்றால் எங்கே பிசகுது? இந்த வருசத்துப் பட்டியலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சர்வதேசப் படப் பிரிவில் போட்டியிட்ட ஐந்தில் இரண்டு படங்கள் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தொட்டவை. ஒன்று பிரேசில் படம். மற்றது பிரான்ஸ் அனுப்பிய ‘எமிலியா பேரெஸ்’. மெக்சிக்கோவில் நடக்கிற கதை, ஸ்பானிய மொழி, பாட்டும் ஆட்டமும். 13 பரிந்துரைகள். ஆங்கிலம் அல்லாத ஒரு படத்துக்கு இதுவரை இவ்வளவு கிடைத்ததில்லை. நெற்பிளிக்ஸின் விளம்பரப் பலமும் பின்னால் இருந்தது. ஆனால் மெக்சிக்கோ சனம் கொதித்தது. எங்கட துயரத்தை பிரான்ஸ் ஸ்டூடியோவில் எடுத்திருக்கிறார்கள், பேச்சு எங்கட பேச்சில்லை என்பது அவர்களின் குறை. கடைசியில் துணை நடிகை, பாடல் என்று இரண்டு விருதுகளோடு அது நின்றது. நடிகை ஒருவரின் பழைய பதிவுகள் கிளப்பிய சர்ச்சையும் அதற்குக் காரணம் என்பார்கள். அதையும் மறுக்கேலாது.

அந்தப் படத்தின் இயக்குநர் ஜாக் ஓடியாரை நாங்கள் ஏற்கனவே அறிவோம். 2015இல் கான் விழாவின் தங்கப் பனையை வென்ற ‘தீபன்’ அவருடைய படம். ஷோபாசக்தி நாயகனாக நடித்தார், பிரான்ஸின் சேஸர் விருதில் சிறந்த நடிகருக்கான பரிந்துரையும் பெற்றார். பெரும்பகுதி தமிழ் பேசிய அந்தப் படத்தை விட்டுவிட்டு அந்த வருசம் பிரான்ஸ் ஒஸ்காருக்கு அனுப்பியது ‘முஸ்தாங்’ என்ற துருக்கி மொழிப் படத்தை. ஆகத் தமிழ் என்பதால் தள்ளினார்கள் என்று சொல்ல வழியில்லை.

எங்களுக்கு இன்னும் கிட்டவாக வந்தது ‘ஃபனி போய்’. ஷியாம் செல்வதுரையின் 1994 நாவலை தீபா மேத்தா படமாக்கினார். 2020இல் கனடா அதைத் தன் படமாகத் தெரிவு செய்தது. அப்போது இங்கே நடந்தது ஞாபகம் இருக்கும். முக்கிய பாத்திரங்கள் பலவற்றில் தமிழ் பேசாத நடிகர்கள், தமிழ் கொன்னைத் தமிழாகக் கேட்குது என்று எங்கட இளையவர்கள் பலர் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். ஒஸ்கார் அமைப்போ வேறு காரணம் சொல்லி விலக்கியது: உரையாடலில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்க வேண்டும், இதில் ஆங்கிலம் கூடிவிட்டது. அடுத்த வருசம் கனடிய திரை விருதுகளில் இயக்கம், தழுவல் திரைக்கதை, இசை ஆகிய மூன்றையும் அதே படம் வென்றது.

அந்த விலக்கலைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. கொழும்பில் வசதியான தமிழ்க் குடும்பங்கள் 1970களில் வீட்டில் ஆங்கிலம் கதைத்தது உண்மை. கதைக்கு உண்மையாக இருந்தால் விதி வெளியே தள்ளுகிறது. எங்கட அஜக்ஸ் வீட்டை அப்படியே படமெடுத்தாலும் இதே கதிதான். நான் தமிழில் கேட்பேன், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், மனைவி இரண்டையும் கலந்து இரண்டு பேரையும் பேசுவா. இதில் ஆங்கிலம் எத்தனை வீதம் என்று யார் கணக்குப் பார்ப்பது? அதே நேரம், தமிழ் பிழைத்துப்போனதைப் பற்றி எங்கட பிள்ளைகள் கேட்ட கேள்வியும் நியாயமானது. மெக்சிக்கோ சனம் இந்த வருசம் கேட்டதை அவர்கள் நான்கு வருசத்துக்கு முதலே கேட்டுவிட்டார்கள்.

பிரேசில் படம் வென்றதுக்கு இயக்குநர் வால்டர் சாலஸின் திறமை ஒரு காரணம், நாயகி பெர்னான்டா தொறெஸின் நடிப்பு இன்னொன்று. அதுக்கெல்லாம் முந்தி ஒரு புத்தகம் இருந்தது. எழுதியவர் மார்செலோ, ரூபென்ஸ் பைவாவின் மகன். தகப்பனைக் கொண்டுபோனபோது அவர் சின்னப் பிள்ளை. தாய்க்கு மறதி நோய் வந்து அவரின் நினைவுகள் அழிந்துகொண்டிருந்த காலத்தில் மகன் இருந்து எழுதி 2015இல் வெளியிட்டார். படம் வந்தபோது பிரேசிலில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். புத்தகம், பிறகு படம், பிறகு சொந்தச் சனத்தின் ஆதரவு. ஒஸ்கார் கடைசியாக வந்தது.

நாங்கள் தலைகீழாக நிற்கிறோம். ரஜினி படம் வந்தால் முதல் காட்சிக்கு நள்ளிரவிலும் வரிசையில் நிற்கிறோம். இங்கத்தைப் பெடியன் ஒருவன் சொந்தக் காசில் எடுத்த படத்துக்கு இலவச அழைப்பு அனுப்பினாலும் போறதில்லை. பிள்ளை திரைக்கதை எழுதப் போறன் எண்டால், முதலில் ஒரு டிகிரியை எடு எண்டு சொல்லுகிறோம். நானும் சொன்னவன்தான். பிறகு வெளியாள் ஒருவர் எங்கட கதையை எடுத்தால், தமிழ் சரியில்லை என்று கோபப்படுகிறோம். கோபம் சரி. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தமிழைத் திருத்திக் கொடுக்கவும், அந்த நாட்களில் என்ன நடந்தது என்று வாய் திறந்து சொல்லவும் எங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிய தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களின் கதையும் அவர்களோடு போகிறது.

நேற்று இரவு மகள் பெரிய மாமிக்கு வீடியோ கோல் எடுத்தாள். இவள் பாதி ஆங்கிலத்தில் கேட்க, அக்கா வன்னித் தமிழில் சொல்ல, விளங்காத இடத்தில் நான் நடுவில் நின்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பதிவு செய்திருக்கிறாள். அக்கா அழவில்லை. மகன் சின்னனில் சைக்கிள் பழகி வேலிக்குள் விழுந்த கதையைத்தான் கூடுதலாகச் சொன்னா. அடுத்த கிழமையும் எடுக்கச் சொல்லியிருக்கிறா. இது படமாக வருமோ, வந்தால் ஒஸ்கார் விதிக்குள் அடங்குமோ எனக்குத் தெரியாது. அடுத்த கிழமையும் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கிறது என்ர வேலை.