சுவரில் ஏறிய தோட்டம்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில் ஒருமுறை சென்றவர் அதை மறக்கமாட்டார். கீழே தேயிலைச் சரிவுகள். மேலே நக்கிள்ஸ் மலைக்காடு. உச்சியிலே ஓயாத காற்றில் வளர்ச்சி குன்றிய குள்ள மரங்கள். இந்தப் பசுமையில் ஒரு துண்டையேனும் வீட்டுச் சுவரில் மாட்டிவைக்க எவருக்குத்தான் ஆசை பிறக்காது?

ஆசையில் பிழையில்லை. ஆனால், சுவரில் ஏறுவது எந்தச் சித்திரம் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

பழைய நவீன பாணிச் சித்திரங்களின் அச்சுப்படிகளுக்கு இப்பொழுது நல்ல மவுசு. 1930-களின் தேயிலை விளம்பரங்கள் கண்ணாடிச் சட்டமிடப்பட்டு வரவேற்பறைகளிலும் விடுதிகளிலும் தொங்குகின்றன. அவற்றுள் பேர்பெற்றது, மக்டொனால்ட் கில் என்ற ஆங்கிலேய ஓவியர் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக 1933-இல் தீட்டிய சித்திர வரைபடம். வண்ணத்திலும் நேர்த்தியிலும் குறையில்லை. கில்லின் ஆற்றலை மறுப்பது நம் நோக்கமுமன்று. ஆயினும் அப்படம் பிறந்த காரணம் ஒன்றே: தேயிலை விற்றாகவேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை சரிந்திருந்த காலம் அது. தோட்டத் தொழிலாளரின் கூலியில் கைவைக்கப்பட்ட காலமும் அதுவே. சரக்கை விற்க வந்த படத்தில் லயன் அறைக்கு இடமேது?

நம் மொழியிலே ஒரு சொல் இருக்கிறது: தோட்டம். மல்லிகைப் பந்தல் நிற்கும் இடமும் தோட்டம். விடியுமுன்னே பெரட்டுத் தப்பு ஒலிக்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மார் ஓடிய இடமும் தோட்டம். சித்திரம் முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைக்கிறது. வாங்குகிறவரோ பூங்காவை வாங்கியதாக எண்ணி மகிழ்கிறார்.

மறைக்கப்பட்டது சிறு செய்தியன்று. 19-ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கியவர்கள், காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். பிழைத்தவர்கள் கோப்பியை வளர்த்தார்கள்; 1869-இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலையை வளர்த்தார்கள். அவர்களுடைய சந்ததியாரில் மிகப் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் ஒப்பந்தமோ 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2021-இலேதான் அதைக் கண்டார்கள்.

“சுவரிலே தொங்கும் படத்துக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்? அழகை அழகாகப் பாருங்களேன்!” என்று ரசிகப் பெருமக்கள் சினப்பர். பார்ப்போம்; ஆனால் முழுமையாகப் பார்ப்போம். பறிக்கும் கையை ஓர் அலங்காரமாக்கி, அந்தக் கைக்குரியவளை வெளியே நிறுத்தும் அழகு பாதி அழகே.

நம்மவருள் சிலருக்கும் ஒரு வார்த்தை. பூவும் செடியும் பூர்ஷ்வா ரசனை என்று அவர்கள் ஒதுக்குகிறார்கள். லயன் வாசலுக்கு ஒருமுறை சென்று பாருங்கள். ஓரறை வீட்டின் முன்னே, தனக்குச் சொந்தமில்லாத மண்ணிலே, செவ்வந்தியும் டேலியாவும் வைத்திருப்பவள் அழகை அறியாதவளா? தோட்டத்திலே பிறந்து தோட்டத்திலே உழைக்கும் அவளுக்கு இல்லாதது ரசனையன்று, நிலம்.

நவீன ஓவியம் உழைப்பவர் வீட்டுக்குப் போகமுடியாது என்பதும் பொய். இதே மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக்கு அருகிலுள்ள தியபுபுலவில் காட்டையே தன் தோட்டமாக்கி வாழ்ந்தவர் ஓவியர் லக்கி சேனநாயக்க. 1979-இன் நாணயத்தாள்களில் இந்நாட்டுப் பறவைகளையும் பூக்களையும் தீட்டியவர் அவரே. அந்தச் சித்திரம் மட்டும் எல்லா லயன்களுக்கும் சென்றது. ஆனால் எத்தனை நாள் தங்கியது? சம்பள நாளன்று மாலை கைக்கு வந்த பூவும் பறவையும் மறுநாள் கடைக்காரரின் பெட்டிக்குள் புகுந்துவிட்டன. சுவரில் மாட்ட ஏது மிச்சம்?

ஆசிரியத் தோழர்களே, அந்த 1933-ஆம் ஆண்டுப் படத்தைக் கழற்றி எறியுமாறு நாம் சொல்லவில்லை. அதை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். “இதில் உங்கள் பாட்டி எங்கே? அவள் உறங்கிய அறை எங்கே? மன்னாரிலிருந்து அவளுடைய முன்னோர் நடந்துவந்த வழி எங்கே?” என்று மாணவரைக் கேளுங்கள். படத்தில் காணாததை அவர்களே வரையட்டும். நேர்த்தி குறைந்தாலும் பரவாயில்லை. வண்ணம் பிசகினாலும் பரவாயில்லை. வரைந்து முடித்ததும் அதே சுவரில், கில்லின் படத்துக்குப் பக்கத்திலேயே அதையும் மாட்டுங்கள்.