வாயில்லாச் சீவனின் நாட்கணக்கு

சென்ற கிழமை ஒருநாள் மாலை, பல்லாண்டுகளுக்கு முன் எம்மிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் எம் இல்லத்துக்கு வந்தார். இப்போது அவர் வங்கியொன்றில் உத்தியோகம் பார்ப்பவர். கொடுத்த தேநீரைத் தொடாமல் நெடுநேரம் இருந்துவிட்டு, "சேர், என்ரை நாய்க்குப் புற்றுநோயாம். பதினொரு வயது. வெட்டி எடுக்கலாம் எண்டு டொக்டர் சொல்லுறார். இந்த வயதிலை அதை ஏன் வதைக்கிறாய் எண்டு வீட்டிலை சொல்லுகினம். நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

இலக்கணத்தில் ஐயம் வினவியிருப்பின் உடனே விடை கூறியிருப்போம். இதுவோ நாம் கற்பிக்கும் பாடமன்று. ஆயினும் இவ்வினாவுக்கு விடை எழுதும் நிலை எமக்கும் முன்னர் நேர்ந்ததுண்டு. அதுவும் ஒரே நாயின் பொருட்டு இருமுறை. முதன்முறை எழுதிய விடை ஒன்று; இரண்டாம் முறை எழுதியது அதற்கு நேர்மாறானது. இரண்டும் சரியென்றே இன்றும் கருதுகின்றோம். அஃது எங்ஙனம் என்பதை அம்மாணவருக்குச் சொன்னவாறே வாசகர்களுக்கும் சொல்ல விழைகின்றோம்.

எம் வீட்டு நாயின் பெயர் ரோசி. உருக்குமணி என்னும் அழகிய பெயரை நாம் எடுத்துக் கூறினோம். எம் சொல் அவையேறவில்லை. மகள் இட்ட பெயரே நிலைத்தது. அது சாதிநாயன்று; வேலியோரம் குட்டியாகக் கிடந்து, மகளின் பாவாடைக்குப் பின்னால் படலை தாண்டி உள்ளே வந்தது. அன்று தொட்டு அதற்கு மூன்று இன்பங்கள் இருந்தன. எமது சைக்கிளின் ஒலி ஒழுங்கை முடக்கில் கேட்டதும் படலைக்கு ஓடிவருதல் ஒன்று. மாமரத்து அணிலை ஒருநாளும் பிடியாமல் நாள்தோறும் துரத்துதல் மற்றொன்று. வெள்ளிக்கிழமை ஒழிந்த நாட்களில் மீன்கறி குழைத்த சோறு உண்ணல் மூன்றாவது.

ரோசிக்குப் பத்து வயது கடந்திருந்தபோது, குளிப்பாட்டுகையில் அதன் பின்புற மடியிற் பாக்களவில் ஒரு கட்டி மகளின் கைக்குத் தட்டுப்பட்டது. "அது கொழுப்பாயிருக்கும்" என்றோம் நாம். எமக்குத் தெரியாத துறையில் தெரிந்தவர்போற் பேசியது எமது முதற் பிழை. ஒரு மாதம் வீணே கழிந்தது.

கருத்தடை செய்யப்படாத பெட்டைநாய்களுக்கு வருங் கட்டிகளுள் மடியில் வருவன மிகப் பொதுவானவை. பெட்டைநாய்க்குப் பெரும்பாலும் ஐந்து இணை மடிகள் உண்டு. அவற்றுட் பின்னுள்ள இரண்டு இணைகளிலேயே கட்டி மிகுதியாகத் தோன்றும். அத்தகைய கட்டிகளில் ஏறத்தாழப் பாதி தீங்கற்றவை, மறுபாதி புற்றுநோய். கையால் தடவிப் பார்த்து இன்னதென வைத்தியராலும் துணிய இயலாது. வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தலே உறுதி தரும். மூன்று சென்ரிமீற்றருக்குக் குறைந்த நிலையில் எடுக்கப்படும் கட்டியின் விளைவு பெரும்பாலும் நல்லது. பருக்கப் பருக்க நம்பிக்கை குறையும்.

இளமையிற் கருத்தடை செய்திருப்பின் இது வந்திராதோ என்று நாம் வினவியபோது வைத்தியர் சற்றுத் தயங்கியே விடை தந்தார். 1969 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, முதற் பருவம் வருமுன் கருத்தடை செய்த நாய்களுக்கு இந்நோய் வரும் அபாயம், செய்யாதவற்றோடு ஒப்பிடுகையில் நூற்றுக்கு அரைப் பங்கே என்று கூறியது. பிற்காலத்து அறிஞர்கள் அச்சான்று அத்துணை வலிமையுடையதன்று எனக் குறைகூறியுள்ளனர். எனினும் காலத்தோடு கருத்தடை செய்தல் இந்நோயைக் குறைக்கும் என்பதே மிருக வைத்தியர்களின் பொதுவான எண்ணம். குட்டி வளர்க்கும் இல்லத்தார் இதனை மனத்திற் கொள்வாராக.

அப்போதுதான் எம் வீட்டில் வழக்கு மூண்டது. எம் தாயார், "கிழட்டு நாயை வெட்டிக் கொத்திறது பாவம், தம்பி. அது தன்ரை விதிப்படி போகட்டும்" என்றார். மகள் அழுதாள். இல்லாள் ஒன்றும் பேசாமல் மாதச் செலவுக் கொப்பியை எடுத்து வைத்தார். பணத்தைப் பற்றிப் பேசுவது அன்பின்மையெனச் சிலர் நினைப்பர். பிள்ளைகளின் கல்விக்கும் முதியோரின் மருந்துக்கும் ஒரே சம்பளத்தைப் பங்கிடும் வீட்டிற் பணமும் ஒரு நியாயமே. எவ்வளவு செலவாகும், அதன்பின் மேலும் என்ன செலவு வரும் என்று வைத்தியரிடம் முன்கூட்டியே வெளிப்படையாகக் கேட்பதில் வெட்கமில்லை.

வைத்தியரோ, "மாஸ்டர், வயது ஒரு நோயில்லை. இருதயமும் சிறுநீரகமும் மயக்கமருந்தைத் தாங்குமோ, நோய் நுரையீரலுக்குப் போயிட்டுதோ எண்டு பார்ப்பம். பிறகு முடிவெடுங்கோ" என்றார். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தைச் சேர்ந்த போதனா வைத்தியசாலைக்குச் செல்லுதல் நன்றென்றுங் கூறினார். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி 321 கிலோமீற்றர் நீளமுடையது. வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினோம். வழிநெடுக ரோசி மகளின் மடியில் முகம் புதைத்து நடுங்கியபடியே வந்தது. அந்நடுக்கத்தைப் பின்னொரு நாள் நாம் நினைக்க நேர்ந்தது.

மடியிலெழும் புற்று முதலில் அருகிலுள்ள நிணநீர்க்கணுக்களுக்கும் பின்னர் நுரையீரலுக்கும் பரவும் இயல்பினது. ஆதலின் கத்தி வைக்குமுன் நெஞ்சை எக்ஸ்றே படம் பிடிப்பர். மிகச் சிறிய புள்ளிகள் படத்தில் தென்படா எனினும், ரோசியின் நுரையீரல் தெளிவாகவே இருந்தது. இரத்தப் பரிசோதனையும் நன்று. நோய் ஓரிடத்தில் நிற்கிறது, உடல் தாங்கும், புண் ஆறப் பத்துப் பதினைந்து நாட் போதும். சில நாள் நோவைக் கொடுத்துப் பல நாள் நலத்தை வாங்கும் வாணிபம் இஃது எனக் கண்டு உடன்பட்டோம். வெட்டியெடுத்தது புற்றுநோய்தான் எனப் பரிசோதனை கூறிற்று. எனினும் மூன்றாங் கிழமை ரோசி அணிலைத் துரத்திற்று. அதன்பின் பதினான்கு மாதம் மூன்று இன்பங்களும் குறைவின்றி நடந்தன. பாவமென்ற எம் தாயாரே மீன்கறியில் முள்ளெடுத்துக் கொடுக்கலாயினார்.

பதினைந்தாம் மாதம் இருமல் தொடங்கிற்று. இம்முறை படத்தில் இரு நுரையீரல்களிலும் வெண்புள்ளிகள் பல. கத்தி இனி உதவாது. மருந்தேற்றும் சிகிச்சை ஒன்றுண்டு. ஆயின் நாயின் மடிப்புற்றுக்கு அதனால் வரும் பயன் உறுதியாக நிறுவப்படவில்லை என்று வைத்தியர் ஒளியாமற் சொன்னார். நாய்களுக்கு அம்மருந்தை மனிதருக்குக் கொடுப்பதிலும் மென்மையாகவே கொடுப்பர். நோயை அறவே ஒழிப்பதன்று, நல்ல நாட்களை நீட்டுவதே நோக்கம். வேறு சில புற்றுக்களில் அது நன்கு உதவுவதும் உண்டு. எமக்கோ மீண்டும் மீண்டும் அந்நெடும் பயணமும், மகளின் மடியில் அந்நடுக்கமும், முடிவில் ஐயத்துக்கிடமான சில வாரங்களுமே தெரிந்தன.

"முதல்தரம் செய்தனாங்கள்தானே அப்பா, இப்ப ஏன் கைவிடுறியள்?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்கு நாம் சொன்ன விடையே இக்கட்டுரையின் சாரம். முன்பு சிகிச்சை ரோசிக்காக இருந்தது. இப்போது செய்தால் அது நமக்காக இருக்கும். நாய்க்கு அடுத்த ஆண்டு என்றொன்று தெரியாது. அது வாழ்வது இன்றைய பொழுதில். "எத்தனை நாள் வாழும்?" என்பது நம் அச்சம் கேட்கும் கேள்வி. "அந்த நாள் அதற்கு எப்படிக் கழியும்?" என்பதே நாய் கேட்கக்கூடிய கேள்வி. வாயில்லாச் சீவனாதலால் அதன் பொருட்டு நாம் அதனைக் கேட்கவேண்டும்.

கைவிடுதல் வேறு, கத்தியைக் கைவிடுதல் வேறு. நோவு தீர்க்கும் மருந்தை வைத்தியர் அளந்து தந்தார். நாம் உண்ணும் பரசிற்றமோல், இபுபுறூபன் முதலிய மாத்திரைகளை நாமாக நாய்க்குக் கொடுத்தல் ஆகாது; இபுபுறூபன் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய் தன் நோவை மறைக்கும் இயல்புடையது, குரைத்து அழாது. காரணமின்றி மூச்சிரைத்தல், படுக்க இடங்கொள்ளாமல் மாறிமாறி எழுதல், மூலையில் ஒதுங்கல், உண்ணும் விருப்பம் குன்றல் ஆகியவையே அதன் முறையீடு.

அலிஸ் வில்லலோபோஸ் என்னும் அமெரிக்க மிருக வைத்தியர் 2004 இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். நோவு, பசி, நீரருந்தல், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், தீய நாளிலும் நல்ல நாள் மிகுதல் என ஏழு. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. கூட்டுத்தொகை 35 இற்கு மேலிருப்பின் வாழ்வு ஏற்கத்தக்கது என்பது அவர் கணக்கு. விடைத்தாள் திருத்தும் தொழிலினரான எமக்கு இது பிடித்ததில் வியப்பில்லை. ஆயின் வீட்டில் நடைமுறைக்கு வந்தது இதனினும் எளிய முறை. குசினிச் சுவரிற் கலண்டரொன்று தொங்கிற்று. ரோசி தன் மூன்று இன்பங்களுள் இரண்டையேனும் துய்த்த நாளுக்கு ஒரு வட்டம்; அல்லாத நாளுக்கு ஒரு புள்ளடி. எழுதும் பொறுப்பை மகளிடமே விட்டோம்.

இறுதி ஊசி பற்றிய பேச்சு எழுந்தபோது எம் தாயார் மீண்டும் தடுத்தார். உயிரெடுக்க நாம் யார் என்பது அவர் வாதம். அதனை எளிதிற் புறந்தள்ளல் தகாது. நம் சமயத்தில் ஊறிய எண்ணம் அது. எனினும் 1928 ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில், பிழைக்க வழியின்றி வேதனையில் துடித்த கன்றொன்றை மருத்துவரைக் கொண்டு ஊசியேற்றி இறக்கச் செய்தவர், கொல்லாமையைத் தம் உயிராகக் கொண்ட காந்தியடிகள். கடுஞ்சினக் கடிதங்கள் பல அவருக்கு வந்தன. வேதனையை நீக்க வேறு வழியே இல்லாதவிடத்து, தன்னலம் சிறிதுமின்றி அவ்வுயிரின் பொருட்டே செய்யுங்கால் அஃது அகிம்சைக்கு மாறாகாது என்பதே அவர் துணிபு. இதனை ஏற்க மனமில்லாதார் இயற்கை முடிவுக்கே காத்திருக்கலாம். ஆயின் நோவு தணிக்கும் மருந்தைக் குறைவின்றிக் கொடுத்துக் காத்திருத்தல் வேண்டும். நோவோடு கிடக்கவிட்டு அதற்கு விதியென்று பெயரிடுதல் மட்டும் அறமாகாது.

தருமன் தன்னோடு வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதை மகாபாரதத்தின் மகாப்பிரஸ்தானிக பர்வத்தில் வருகிறது. வகுப்பில் அதனைப் பலமுறை கற்பித்திருக்கிறோம். நாயைக் கைவிடாமை என்பது அதனைப் பிடித்து வைத்திருத்தலன்று, அதன் வழியின் கடைசி அடிவரை உடன் நடத்தலே என்பது எமக்கு அக்கலண்டரின் முன்னால்தான் விளங்கிற்று.

ஆறு கிழமை வட்டங்களே மிகுந்திருந்தன. ஏழாங் கிழமை மூன்று புள்ளடி. எட்டாங் கிழமை ஐந்து. அன்றிரவு மகள் கலண்டரைக் கழற்றி வந்து எம் மேசையில் வைத்தாள். "அப்பா, இண்டைக்குச் சைக்கிள் சத்தம் கேட்டும் அது தலை தூக்கேல்லை" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாட் காலை வைத்தியர் வீட்டுக்கே வந்தார். மாமரத்தின் கீழ், பழைய சாக்கின்மேல், மகளின் மடியில் தலை வைத்தபடி ரோசி கிடந்தது. ஊசியிலுள்ளது மிகுந்த அளவு மயக்கமருந்தே. சில விநாடிகளில் உணர்வு ஒடுங்கும், அதன்பின் மூச்சும் இருதயமும் நிற்கும், கண் மூடாதிருக்கலாம், இறந்தபின்னும் ஓரிரு மூச்சு எழக்கூடும், அது நோவன்று என வைத்தியர் முன்னரே விளக்கியிருந்தார். அவ்விளக்கம் பேருதவியாயிற்று. எம் தாயார் தூரத்தே நின்றவர், கடைசியில் வந்து திருநீற்றை அதன் நெற்றியில் இட்டார்.

இவ்வளவையும் கேட்ட மாணவர், "பிறகு மனம் குத்தேல்லையோ, சேர்?" என்றார். குத்திற்று. முந்தியோ பிந்தியோ என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. எம்மை இன்றும் உறுத்துவது கத்தியுமன்று, ஊசியுமன்று. "கொழுப்பாயிருக்கும்" என்று கழித்த அந்த ஒரு மாதமே.

ஆகவே அவரிடம், "உம்முடைய நாய்க்கு எம் விடையைப் பார்த்து எழுதாதேயும். நோய் பரவிவிட்டதா, சிகிச்சையால் அதற்கு நல்ல நாட்கள் கிடைக்குமா, அந்நாட்களுக்காக அது படும் பாடு எவ்வளவு என்ற மூன்றையும் வைத்தியரிடம் கேட்டறியும். அதன்பின் விடை தானே வரும்" என்றோம்.

தேநீர் ஆறிப் போயிருந்தது. அதனை ஒரே மடக்கிற் குடித்துவிட்டு, நாளைக்கே எக்ஸ்றே எடுக்கக் கொண்டுபோவதாகச் சொல்லி அவர் எழுந்தார். படலைவரை சென்றவர் திரும்பி, வீட்டில் மேலதிகமாகக் கலண்டர் ஏதும் உண்டோ என்று கேட்டார். இருந்தது, கொடுத்தனுப்பினோம்.