மாத்திரையை நிறுத்தினவங்க எல்லாரும் அலட்சியக்காரங்க இல்லை

பிரஷர், ஹார்ட் மாத்திரையைப் பாதியில நிறுத்துறவங்களைப் பத்தி ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம். வீட்ல அம்மாவோ அப்பாவோ தினமும் மாத்திரை போடுறாங்கன்னா பொறுமையா படிங்க.

நசரத்பேட்டை, திருமழிசை, பூந்தமல்லி பக்கத்துல இருந்து ஓ.பி.க்கு வர்றவங்ககிட்ட "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"னு கேட்டா, "போடுறேன் சார்"னு தான் பதில் வரும். மஞ்சப்பையில இருக்கிற அட்டையை வாங்கிப் பார்த்தா பாதி மாத்திரை அப்படியே இருக்கும். உடனே திட்டு விழும். "உங்க உயிர் மேல உங்களுக்கே அக்கறை இல்லைன்னா நாங்க என்ன பண்றது?"

எனக்கு இந்தத் திட்டுல உடன்பாடு இல்லை. நிறைய பேர் அலட்சியத்தால நிறுத்தல. மாத்திரை அவங்க உடம்புல ஏதோ ஒண்ணு பண்ணிச்சு. அப்படிப் பண்ணும்னு முன்கூட்டியே யாரும் அவங்ககிட்ட சொல்லல. அவ்வளவுதான்.

"பக்க விளைவைச் சொன்னா பயந்து போடவே மாட்டாங்க" என்பது மருத்துவர்கள் மத்தியில இருக்கிற ஒரு வாதம். சொல்லாம விட்டா மட்டும் என்ன ஆகுது? கால் வீங்குறது அவங்களுக்கே தெரியப் போகுது. அப்போ விளக்கம் சொல்றது டாக்டர் இல்ல, பக்கத்து வீட்டுக்காரர். அவர் சொல்ற விளக்கம் "உனக்கு கிட்னி போயிடுச்சு".

அம்லோடிபினையே எடுத்துக்கோங்க. பிரஷருக்கு நாம அதிகமா கொடுக்கிற மாத்திரைகள்ல ஒண்ணு. ரத்தக்குழாயை விரிச்சு பிரஷரைக் குறைக்கும். அதனாலேயே சிலருக்குக் கணுக்கால் பக்கம் நீர் கசிஞ்சு தங்கும். காலையில இருக்காது, சாயங்காலம் செருப்பு வார் பதிஞ்சு தெரியும். இது கிட்னி கெட்டதுக்கான அடையாளம் இல்லை. அளவைக் குறைச்சோ, கூட இன்னொரு வகை மாத்திரை சேர்த்தோ, மாத்தியோ சரி பண்ணிடலாம். உண்மையில கிட்னியைக் கெடுக்கிறது கட்டுப்பாட்டுல இல்லாத பிரஷர்தான். ஆனா ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ கதை வேற. உடனே காட்டணும்.

அடுத்தது எனாலாபிரில். சிலருக்கு வறட்டு இருமல் வரும், ராத்திரி படுத்தா இன்னும் தொல்லை. டானிக் குடிச்சு, சளிப் பரிசோதனை கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து மாசக்கணக்குல அலையுறவங்க இருக்காங்க. மாத்திரையை மாத்தினா பெரும்பாலும் சில வாரத்துல நின்னுடும். லோசார்டன், டெல்மிசார்டன்னு மாற்று இருக்கு. உதடு, நாக்கு வீங்கினா மட்டும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காம 108.

இதுவரை சொன்னது தொல்லை. இனி சொல்றதுதான் ஆபத்து.

அட்டெனோலால், மெட்டோப்ரோலால். இதயத் துடிப்பை நிதானப்படுத்துற மாத்திரைகள். சோர்வா இருக்கும், கை கால் சில்லுனு இருக்கும். "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு சார்"னு ஒருநாள் டக்குனு நிறுத்திடுவாங்க. மாத்திரை தடுத்து வெச்சிருந்த காலத்துல, இதயம் அட்ரினலினுக்கு இன்னும் கூடுதலா செவி சாய்க்கப் பழகியிருக்கும். தடுப்பைத் திடீர்னு எடுத்தா படபடப்பு, பிரஷர் ஏற்றம், நெஞ்சுவலி. ஏற்கனவே ரத்தக்குழாய் அடைப்பு இருக்கிறவங்களுக்கு மாரடைப்பே வரலாம். அதனால இதை நிறுத்தணும்னா ஒண்ணு ரெண்டு வாரத்துல படிப்படியாக் குறைச்சுதான் நிறுத்தணும். ஆர்க்கமின்னு தெரிஞ்ச குளோனிடின் இன்னும் மோசம். ஒண்ணு ரெண்டு நாள்லயே பிரஷர் பழைய அளவைத் தாண்டி எகிறலாம்.

உடம்பு மருந்துக்குப் பழகிடுறது புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. டைனமைட் தொழிற்சாலைகள்ல நைட்ரோகிளிசரினோட வேலை பார்த்தவங்களுக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். ரெண்டு மூணு நாள்ல பழகிடும். லீவு முடிஞ்சு போனா மறுபடி வரும். அதுக்குப் பயந்து தொப்பிப் பட்டியில கொஞ்சம் நைட்ரோகிளிசரினைத் தடவிக்கிட்டு வீட்டுக்குப் போனவங்க உண்டு! இன்னும் சிலருக்கு லீவு நாள்ல, மருந்து உடம்புல இல்லாதப்போ, நெஞ்சுவலி வந்தது, திடீர் மரணமும் நடந்தது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற சோர்பிட்ரேட் அதே குடும்பம்தான். அதைப் போட்டதும் தலைவலி வர்றது அதனாலதான். உட்கார்ந்துக்கிட்டு வைங்க. வயாக்ரா வகை மாத்திரை எடுக்கிறவங்க வெட்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ரெண்டும் சேர்ந்தா பிரஷர் படுபாதாளத்துக்குப் போயிடும்.

இப்போ லேசிக்ஸ். இதுபத்தி யாரும் பேசறதே இல்லை. இதயம் பலவீனமானவங்களுக்கு உடம்புல தேங்குற நீரை எடுக்கிற மாத்திரை. போட்டா ஒரு மணி நேரத்துல சிறுநீர் வர ஆரம்பிக்கும், சில மணி நேரம் அடிக்கடி போகணும். காலையில 6 மணிக்கு ஷேர் ஆட்டோ பிடிச்சு, கம்பெனி பஸ்ல இருங்காட்டுக்கோட்டைக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போறவர் இதை எப்படிப் போடுவார்? நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கிற அக்கா எந்த வீட்ல பாத்ரூம் கேட்பாங்க? அவங்க பேசாம விட்டுடுவாங்க. ஒரு வாரத்துல கால்ல நீர், ராத்திரி ரெண்டு தலையணை வெச்சாதான் தூக்கம், அப்புறம் மூச்சுத்திணறலோட கேஷுவாலிட்டி. கேஸ் ஷீட்ல "மருந்து ஒழுங்கா எடுக்கவில்லை"னு ஒரு வரி எழுதிடுவோம். பஸ்ஸைப் பத்தியும் பாத்ரூமைப் பத்தியும் அந்த வரியில எதுவும் இருக்காது.

இதுக்குத் தீர்வு பல பேருக்கு ரொம்ப சுலபம். வேலை முடிஞ்சு மதியம் வீட்டுக்கு வந்து போடலாமானு டாக்டரைக் கேளுங்க. நேரத்தை மாத்தித் தர முடியும். ராத்திரி வேண்டாம், தூக்கம் போயிடும். வீட்ல எடை மெஷின் இருந்தா, மூணு நாள்ல 2 கிலோ ஏறினா நீர் தேங்குதுன்னு அர்த்தம், வந்துடுங்க.

இன்னொரு வேடிக்கை. செக்கப் நாள்ல வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்னு சொன்னா, பிரஷர் மாத்திரையையும் போடாம வந்துடுவாங்க. பஸ்ல நின்னுக்கிட்டு வந்து, வரிசையில நின்னு, பிரஷர் பார்த்தா 170. டாக்டர் அளவைக் கூட்டுவார். மறுநாள் வீட்ல கூட்டின அளவைப் போட்டதும் தலைசுத்தல். "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல"னு நிறுத்திடுவாங்க. தண்ணியோட பிரஷர் மாத்திரை போட்டுட்டு வரலாம். சாப்பிடாம தள்ளி வைக்க வேண்டியது சுகர் மாத்திரையும் இன்சுலினும்தான்.

கொழுப்பு மாத்திரை போட்டா உடம்பு வலிக்குதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. 2020ல லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வு ஒண்ணு வந்தது. தொல்லை தாங்காம ஸ்டேட்டினை நிறுத்தின 60 பேர். சில மாசம் ஸ்டேட்டின், சில மாசம் வெத்து மாத்திரை, சில மாசம் எதுவுமே இல்லை. ஸ்டேட்டின்ல வந்த தொல்லையில 90 சதவீதம் வெத்து மாத்திரையிலயும் வந்தது. வலி பொய்னு அர்த்தம் இல்லை, வலி நிஜம். அதை அவங்ககிட்ட காட்டி விளக்கினதும் பாதிப் பேர் திரும்ப ஆரம்பிச்சாங்க. திட்டி இல்ல, பேசி.

ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. பல் பிடுங்கணும்னு யார் சொன்னாலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரலை நீங்களா நிறுத்தாதீங்க. ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைஞ்சுடும். முதல்ல இதய டாக்டரைக் கேளுங்க. மலம் தார் மாதிரி கருப்பா போனா அன்னைக்கே வாங்க.

2021 ஆகஸ்ட் 5ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. நல்ல திட்டம், அரசு டாக்டரா பெருமையாவே சொல்றேன். மாத்திரை கொண்டு வர்ற அந்த அக்காவுக்கு எந்த வீட்ல அட்டை மீதி இருக்குன்னு நமக்கு முன்னாடியே தெரியும். கால் வீங்குதா, இருமல் இருக்கா, தலை சுத்துதா, மாத்திரையை விட்டீங்களா, ஏன் விட்டீங்கனு அவங்க கேட்டு, பதில் அதே வாரம் டாக்டர் கைக்கு வரணும். அந்த வேலைக்கு ஏத்த சம்பளமும் கொடுக்கணும். ஓ.பி.ல ஒருத்தருக்குக் கிடைக்கிற ரெண்டு நிமிஷத்துல இதெல்லாம் நடக்காது.

"டாக்டர், நான் ஏற்கனவே நிறுத்தி நாலு நாள் ஆச்சே"னு கேட்கிறவங்களுக்கு: விட்டதுக்கும் சேர்த்து ரெண்டா போட்டுக்காதீங்க. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தா 108. இல்லைன்னா மீதி அட்டையை அப்படியே எடுத்துக்கிட்டு இன்னைக்கே பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஏன் நிறுத்தினீங்கன்னு உள்ளதைச் சொல்லுங்க. யாராவது திட்டினா இந்த த்ரெட்டைக் காட்டுங்க.