பூட்டு இருக்கட்டுமுங்க... சாவி யார்கிட்ட?

ரொம்ப நாளா மனசுக்குள்ள அரிச்சுட்டே இருந்த விசயம், இன்னைக்குக் கொட்டிடறேன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். கோவப்படறவங்க பின்னூட்டத்துல வந்து திட்டுங்க.

வீட்டுக் கம்ப்யூட்டர் பாதுகாப்புன்னு பேச்செடுத்தா நம்மாளுக ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுக்குவாங்க.

முதல் கட்சி: "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிப் போடு." எங்க அவிநாசிப் பக்கம் இவங்களுக்குத்தான் மெஜாரிட்டி. பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டுல கணக்கு சாஃப்ட்வேர் போட வர்ற தம்பி மொதல் வேலையா ஆன்டிவைரஸை நிறுத்துவாரு. ரெண்டாவது வேலையா, அனுமதி கேக்குற பெட்டி இனிமே வராத மாதிரி பண்ணுவாரு. "இனி தொந்தரவு இல்லீங்ண்ணா"ன்னு சொல்லிக் காசு வாங்கீட்டுப் போயிருவாரு. திருடனுக்கும் தொந்தரவு இல்லைங்கறதை மட்டும் சொல்ல மாட்டாரு.

ரெண்டாவது கட்சி: "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுரும்? கை வெக்காதே."

என்னைக் கேட்டா ரெண்டு பேருமே தப்பு.

மொதல்ல முதல் கட்சிக்கு. 2001-ல எக்ஸ்பி வந்தப்ப வீட்டுல நாம உண்டாக்குற கணக்கே அட்மின் கணக்கு. நாம எதைக் கிளிக் பண்ணினாலும் அதுக்கு மொத்த வீட்டையும் தொறந்து விட்ட மாதிரி. பிரவுசிங் சென்டர், டிடிபி சென்டர்னு போயிட்டு வந்த பென் டிரைவ் எல்லாம் ஆட்டோரன் வைரஸைச் சுமந்துட்டு வந்த காலம் ஞாபகம் இருக்கா? சொருகினாப் போதும், வேலை முடிஞ்சுது. மைக்ரோசாஃப்ட் 2009-ல விண்டோஸ் 7-ல பென் டிரைவுக்கு ஆட்டோரனை எடுத்தாங்க. 2011 பிப்ரவரியில அப்டேட் வழியா எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் எடுத்தாங்க. "என் உரிமை போச்சே"ன்னு யாராவது அழுதாங்களா? ஒருத்தரும் இல்லை. சில கதவு சாத்தியே வரணும். அதுல எனக்கு மறுபேச்சு இல்லை.

அப்டேட்டை நிறுத்தி வெக்கறதை வீரம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தேதி சொல்றேன். 2017 மே 12, வானாகிரை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்துல சில கம்ப்யூட்டர், கேரளாவுல சில பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாம் மாட்டுச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச் 14-லயே வந்தாச்சு. எக்ஸ்பி மாதிரி கைவிடப்பட்ட பதிப்புகளுக்கு மட்டும் அடி விழுந்த பிறகுதான் கொடுத்தாங்க. மத்தவங்க அப்பவே போட்டிருந்தாத் தப்பிச்சிருக்கலாம்.

இப்ப ரெண்டாவது கட்சிக்கு வர்றேன்.

2007-ல விஸ்டா. எதைத் தொட்டாலும் "அனுமதிக்கவா?"ன்னு ஒரு பெட்டி. மறுபடி தொட்டா மறுபடி பெட்டி. 2008-ல ஒரு மாநாட்டுல மைக்ரோசாஃப்ட் மேலாளர் டேவிட் கிராஸ், ஆளுங்களை எரிச்சல்படுத்தத்தான் அதை வெச்சோம்னு வெளிப்படையாவே சொன்னாரு. ஜனங்க எரிச்சலானா சாஃப்ட்வேர் எழுதறவன் திருந்துவான்ங்கறது கணக்கு. எழுதறவங்க கொஞ்சம் திருந்தினது நெசம். ஆனா நம்ம ஜனம் படிக்காமயே "சரி" அமுக்கப் பழகிருச்சு, இல்லாட்டி மொத்தமா நிறுத்தப் பழகிருச்சு. ஊருக்குள்ள தெனமும் புலி வருது புலி வருதுன்னு கத்தினா, நெசமா வர்ற அன்னைக்கு எவன் எந்திரிப்பான்? 2009-ல விண்டோஸ் 7-ல நாலு படி வெச்சு, எவ்வளவு கேக்கணும்னு நம்மளையே முடிவு பண்ண விட்டாங்க. அது நியாயம்.

அப்புறம் 2022-ல விண்டோஸ் 11-க்கு ஸ்மார்ட் ஆப் கண்ட்ரோல்னு ஒண்ணு வந்துச்சு. அறிமுகம் இல்லாத, கையெழுத்துச் சான்றிதழ் இல்லாத புரோகிராமை ஓட விடாது. நல்லதுதான். ஆனா "இந்த ஒண்ணை மட்டும் விடு"ன்னு சொல்ல வழி வெக்கலை. வேணும்னா மொத்தமா நிறுத்து. நிறுத்தினா, விண்டோஸையே மறுபடி போட்டாத்தான் திரும்ப வரும். வந்தப்ப இதுதான் நிலைமை.

தமிழ்ல எழுதற நமக்கு இது நேராப் படுற அடிங்க. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர்னு யாரோ சும்மா கொடுத்த மென்பொருளை வெச்சுத்தானே நாமெல்லாம் தட்டச்சவே ஆரம்பிச்சோம்? அந்த மாதிரி ராத்திரி கண்ணு முழிச்சு ஒருத்தர் எழுதி இலவசமாக் கொடுக்கற சின்னச் சாமானுக்கு, காசு கட்டிச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? பெரிய கம்பெனி உள்ள, சின்ன மொழி வெளிய.

அதைவிட மோசம் டிஸ்க் பூட்டு. 2024-ல வந்த 24எச்2 பதிப்புல, புதுசா விண்டோஸ் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சா, டிஸ்க் தானாவே பூட்டிக்கும். மடிக்கணினி திருடு போனா நல்ல காவல். ஆனா அந்த 48 இலக்கச் சாவி அந்தக் கணக்குக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். நம்மூர்ல விண்டோஸ் போடறது யாரு? கடைக்காரத் தம்பி. யார் கணக்குல? அந்த நிமிசம் அவரா உண்டாக்குன ஏதோ ஒரு மெயில்ல. எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு மதர்போர்டு போச்சு. மாத்தினதும் 48 இலக்கம் கேட்டுச்சு. கடைக்காரருக்கு அந்த மெயில் பேரே ஞாபகம் இல்லை. மக கல்யாணப் போட்டோ, மூணு வருசக் கணக்கு எல்லாம் உள்ளயே கெடக்குது. திருடன்கிட்ட இருந்து காப்பாத்தின பூட்டு, வீட்டுக்காரனையே வெளிய நிறுத்திருச்சு.

நான் கேக்குறது இவ்வளவுதான்:

1. பூட்டு போட்டே வரட்டும். தொறக்கறது என் இஷ்டம்.

2. ஒரு ஜன்னலைத் தொறக்க மொத்த வீட்டுச் சுவரையும் இடிக்கச் சொல்லாதே. தொறந்ததைத் திரும்பச் சாத்தவும் விடு.

3. அனுமதி கேக்கறதுன்னா என்ன ஆகும்னு புரியற மாதிரி தமிழ்ல கேளு.

4. சாவியை என் கையில கொடுத்துட்டு அப்புறம் பூட்டு.

நம்ம பங்குக்கும் வேலை இருக்கு. தெனப்படி வேலைக்கு ஒரு சாதாக் கணக்கு, அட்மினுக்குத் தனிக் கணக்கு, ரெண்டுக்கும் வேற வேற பாஸ்வேர்டு. டிஸ்க் பூட்டியிருந்தா அந்த 48 இலக்கத்தைப் பேப்பர்ல எழுதி, நிலப் பத்திரம் இருக்கற பீரோவுலயே வெச்சிருங்க.

கடைசியா சக பதிவர்களுக்கு. "கம்ப்யூட்டர் பறக்க பத்து வழிகள்"னு பதிவு போட்டு, அதுல ரெண்டாவது வழியா பாதுகாப்பை நிறுத்தச் சொல்றீங்களே சாமி... அதைப் படிச்சுட்டு அப்படியே செய்யறவங்க ஆயிரம் பேரு இருக்காங்க. அடுத்த தடவை எதை நிறுத்தச் சொன்னாலும், எதுக்கு, எவ்வளவு நேரத்துக்கு, திரும்ப எப்படிப் போடறதுன்னு மூணு வரி சேர்த்து எழுதுங்க. ஹிட்ஸ் ஒண்ணும் குறைஞ்சு போயிராது :-)

டிஸ்கி: "லினக்ஸுக்கு மாறுங்க"ன்னு பின்னூட்டம் போட வர்ற அன்பர்களே, சந்தோசம். ஆனா அங்கயும் நெட்டுல பார்த்த கட்டளைக்கெல்லாம் யோசிக்காம சூடோ போட்டுப் பாஸ்வேர்டு அடிக்கிற ஆளுக இருக்காங்க. அவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.